மிசோ கம்பியின் மௌனம்: எஸ்பிஐ சாதன அமைப்பு குறித்த ஓர் ஆய்வு

எஸ்பிஐ என்பது ஒரே பலகைமேல் அருகருகே குடியிருக்கும் சில்லுகள் தமக்குள் பேசிக்கொள்ளும் நாலு கம்பி வழக்கம். (வங்கியை எதிர்பார்த்து வந்த வாசகர் இங்கே கணக்குத் தொடங்க இயலாது.) 1980களில் மோட்டோரோலா நிறுவனம் தன் மைக்ரோகன்ட்ரோலர்களுக்காக இதை உருவாக்கியது. அதே பத்தாண்டில் பிலிப்ஸ் கொண்டுவந்த ஐ-ஸ்கொயர்-சிக்கு முறையான விதிநூல் உண்டு, எஸ்பிஐக்கு இல்லை. மூலநூல் இல்லாத துறையில் உரையாசிரியர்கள் பெருகுவது இயல்பு. ஒவ்வொரு சில்லு நிறுவனமும் தன் டேட்டாஷீட்டில் ஓர் உரை எழுதிக்கொண்டது. அவ்வுரைகளின் முரண்களை ஆராய அனலாக் டிவைசஸ் நிறுவனத்தின் ஏடிஎக்ஸ்எல்345 என்னும் முடுக்கமானி இங்கே எடுத்துக்கொள்ளப்படுகிறது. கைவிரல் நகத்தைவிடச் சிறிய இச்சில்லு தன் பெயரைச் சொல்லும்படி செய்வதே ஆய்வின் முதல் நோக்கம். அதற்குள் பல மாலைகள் இருட்டிவிடுவது வழக்கம்.

கம்பிகளின் பெயர்களில் பாடபேதம் மிகுதி. கன்ட்ரோலரிலிருந்து சாதனத்துக்குப் போவது மோசி. திரும்பி வருவது மிசோ. தாளம் போடுவது கிளாக். யாரிடம் பேச்சு என்று சுட்டுவது சிப் செலக்ட். நமது சாதனத்தின் உரையிலோ மோசியும் மிசோவும் இல்லை, எஸ்டிஐ, எஸ்டிஓ என்றே இருக்கும். வேறு உரைகளில் டிஇன், டிஅவுட். சாதனத்துக்கு உள்ளே என்பது கன்ட்ரோலருக்கு வெளியே என்பதை மனத்தில் இருத்தினால் இதில் குழப்பம் இல்லை. குழப்பம் வேறு இடத்திலிருந்து வருகிறது. யூஆர்ட் என்னும் தொடர் இணைப்பில் அனுப்பும் டிஎக்ஸைப் பெறும் ஆர்எக்ஸோடு குறுக்காகக் கட்டிப் பழகிய கை, இங்கும் மோசியை மிசோவோடு கட்டிவிடும். மோசியை மோசியோடுதான் சேர்க்க வேண்டும். மாற்றிக் கட்டினால் ஒரு கம்பியில் இரண்டு வாய்கள், மறு கம்பியில் இரண்டு காதுகள்.

எஸ்பிஐயில் தனியாகப் படித்தல் என்றொரு செயல் கிடையாது. இருபுறமும் ஒவ்வொரு ஷிஃப்ட் ரெஜிஸ்டர். ஒவ்வொரு கிளாக் துடிப்புக்கும் இங்கிருந்து ஒரு பிட் போகும், அங்கிருந்து ஒரு பிட் வரும். கொடுக்காமல் வாங்க வழியே இல்லை. மொய் வழக்கம் அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கவரில் ஒன்றும் இல்லாவிட்டாலும் கவரை நீட்டியாக வேண்டும். அந்த வெற்றுக் கவரைத்தான் டம்மி பைட் என்கிறார்கள். அதில் 00 எழுதுவதா எஃப்எஃப் எழுதுவதா என்பதில் பெரும்பாலான சாதனங்களுக்கு அக்கறையில்லை. எஸ்டி கார்டு மட்டும் விதிவிலக்கு: அதைப் படிக்கும்போது மோசி உயர்ந்தே நிற்க வேண்டும், ஆகவே எஃப்எஃப்.

இனி ஆய்வின் மையமான மோடு விவகாரம். பேச்சில்லாத வேளையில் கிளாக் கம்பி தாழ்ந்து கிடக்குமா உயர்ந்து நிற்குமா என்பதைச் சொல்வது சி-போல் என்னும் பிட். முதல் விளிம்பில் பிட்டை எடுத்துக்கொள்வதா, இரண்டாம் விளிம்பிலா என்பதைச் சொல்வது சி-ஃபா. இரண்டு பிட்டுகள், ஆகவே நான்கு மோடுகள்: 0, 1, 2, 3. இவ்வளவு எளிய விஷயத்தில் அறிஞர்கள் சண்டையிட முடியுமா என்று ஐயுறுவோர் பிஐசி சில்லுகளின் உரையைப் பார்க்க வேண்டும். அங்கே சி-ஃபா இல்லை. சிகேஇ என்றொரு பிட் உண்டு, அதன் பொருள் நேரெதிர். எம்எஸ்பி430 சில்லிலும் விளிம்பைச் சொல்லும் பிட் இப்படித் தலைகீழ்தான். ஒரு சில்லுக்கு எழுதிய வரியை இன்னொன்றுக்குப் பெயர்த்தெழுதுவோர் வழுக்கி விழும் இடம் இது.

சரியான மோடைக் கண்டறிவதில் இரண்டு மரபுகள் நிலவுகின்றன. முதலாவது, டேட்டாஷீட்டின் நேர வரைபடத்தைப் பார்த்து, கிளாக் எங்கே ஓய்கிறது, பிட் எந்த விளிம்பில் நிலையாக இருக்கிறது என்று படித்தறிவது. இதை எல்லோரும் பரிந்துரைக்கிறார்கள். இரண்டாவது, நான்கையும் போட்டுப் பார்ப்பது. இதை எல்லோரும் செய்கிறார்கள். இரண்டாம் மரபைப் பழிப்பது எளிது. நான்கே வாய்ப்புகள் இருக்கையில் நாற்பது பக்க உரையைப் புரட்டுவானேன் என்ற அதன் வாதத்தில் நியாயமும் உண்டு. குறை வேறு: மோடு 0, மோடு 3 இரண்டிலும் பிட் எடுக்கப்படுவது ஏறும் விளிம்பில்தான், ஓய்வு நிலை மட்டுமே வேறு. ஆகவே பொருந்தாத ஒன்றும் சில சமயம் பாதி வேலை செய்துவிடும். சில சில்லுகள் இரண்டையும் ஏற்கும். பாஷ் நிறுவனத்தின் பிஎம்பி280 என்ற காற்றழுத்தமானி, சிப் செலக்ட் இறங்கும்போது கிளாக் இருக்கும் நிலையைப் பார்த்துத் தானே அனுசரித்துக்கொள்கிறது. நமது சாதனத்துக்கு அத்தகைய தாராளம் இல்லை. அதற்கு மோடு 3.

அடுத்தது அடையாளச் சோதனை. 80 என்ற பதினாறடிமான பைட்டை அனுப்ப வேண்டும். அதன் உச்சிப் பிட் படிக்கும் விருப்பத்தையும் மீதி 00 என்ற முகவரியையும் சொல்லும். பின்னே ஒரு வெற்றுக் கவர். பதிலாக வர வேண்டியது இ5. இந்த எண் தற்செயலானதன்று: இ5ஐ எட்டடிமானத்தில் எழுதினால் 345. சில்லின் பெயரையே சில்லுக்குள் பொறித்துவைத்த இக்குறும்பு டேட்டாஷீட்டில் ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. உரைநூல்களில் நகைச்சுவைக்கு இடம் குறைவு என்பதால் இது தனியே பாராட்டத்தக்கது.

இ5 வராதபோது வருவன மூவகை. எஃப்எஃப் வந்தால் மிசோ கம்பி உயர்ந்தே கிடக்கிறது; 00 வந்தால் தாழ்ந்தே கிடக்கிறது. இரண்டிலும் சாதனம் வாயே திறக்கவில்லை என்றுதான் கொள்ள வேண்டும். ஐ-ஸ்கொயர்-சியில் சாதனம் இல்லையென்றால் ஒப்புகைப் பிட் வராது, மென்பொருள் பிழையை அறிந்துகொள்ளும். எஸ்பிஐயில் ஒப்புகையே இல்லை; சாதனத்தைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டாலும் கன்ட்ரோலர் பரிமாற்றம் வெற்றி என்றே அறிவிக்கும். மூன்றாம் வகையே ஆய்வாளருக்கு இனியது: 72 அல்லது எஃப்2. இ5 ஒரு பிட் வலப்புறம் நகர்ந்தால் கிடைப்பவை இவை. இடப்புறம் நகர்ந்தால் சிஏ, சிபி. இப்படி வந்தால் கம்பிகள் சரி, விளிம்புதான் தவறு. மோடு சரியாக இருந்தும் முதல் முறை மட்டும் இப்படி வருமானால், கிளாக் தன் உயர்ந்த ஓய்வு நிலைக்கு ஏறுமுன்னரே சிப் செலக்டை இறக்கியிருக்கக்கூடும். அந்த ஏற்றத்தையே சில்லு முதல் துடிப்பாக எண்ணிவிடும்.

வேகம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நமது சாதனத்தின் உச்சவரம்பு 5 மெகாஹெர்ட்ஸ். எஸ்டிஎம்32எஃப்103 கன்ட்ரோலரில் 72 மெகாஹெர்ட்ஸில் ஓடும் எஸ்பிஐ1க்கு வகுப்பான்கள் 2 முதல் 256 வரை இரண்டின் அடுக்குகளே. 8ஆல் வகுத்தால் 9, வரம்பு மீறல். 16ஆல் வகுத்தால் 4.5. பதினாறே சரி.

சிப் செலக்ட் பார்வைக்கு அப்பாவி. ஆயினும் ஆர்டுவினோ ஊனோவில் உள்ள ஏடிமெகா328பியில், 10ஆம் பின்னை உள்ளீடாக விட்டு அது தாழ்ந்துபோனால், கன்ட்ரோலர் தலைமைப் பதவியைத் தானே துறந்து பணியாளாகிவிடும். கேட்காமல் பதவி விலகும் இவ்வழக்கம் வேறு துறைகளில் அரிது. எஸ்டிஎம்32இலும் சிப் செலக்டை மென்பொருள் வசம் விடும் எஸ்எஸ்எம் பிட்டைப் போட்டுவிட்டு, அதன் நிலையை உயர்த்தும் எஸ்எஸ்ஐ பிட்டை மறந்தால் இதே கதி. பரிமாற்றம் முடிந்ததும் பிஸி கொடி இறங்கும்வரை பொறுத்தே சிப் செலக்டை உயர்த்த வேண்டும். அனுப்பும் பஃபர் காலியானதைக் கண்டு அவசரப்பட்டால் கடைசி பைட் கம்பியிலேயே நின்றுபோகும்.

ஒரே கம்பிகளில் பல சாதனங்கள் இருந்தால் ஏடிஎக்ஸ்எல்345 தனக்கே உரிய ஒரு சிக்கலைத் தருகிறது. சிப் செலக்ட் உயர்ந்திருக்கும் வேளையில் அது ஐ-ஸ்கொயர்-சி மொழிக்குக் காது கொடுக்கிறது. பக்கத்துச் சில்லுக்குச் சொன்ன எஸ்பிஐ பேச்சு, தற்செயலாக ஐ-ஸ்கொயர்-சி கட்டளைபோல் ஒலித்தால், தன்னைத்தான் கூப்பிட்டார்கள் என்று இடையில் புகுந்துவிடலாம். ஒட்டுக்கேட்டலுக்கு டேட்டாஷீட் சொல்லும் பரிகாரம் ஓர் ஆர் கேட்: சிப் செலக்ட் உயர்ந்திருக்கும்வரை டேட்டா கம்பியை உயர்த்தியே பிடித்திருக்கும்.

இ5 வந்த மகிழ்ச்சியில் அச்சு மதிப்புகளைப் படிப்போருக்குச் சுழியங்களே கிடைக்கும். மின்சாரம் வந்ததும் இச்சில்லு ஓய்வில்தான் விழிக்கிறது. 2டி என்ற ரெஜிஸ்டரில் 08 எழுதினால்தான் அளக்கத் தொடங்கும். பிறகு 32 முதல் ஆறு பைட்டுகளைச் சேர்த்துப் படிக்க, முகவரியோடு படிப்புப் பிட்டையும் தொடர்ப்படிப்புப் பிட்டையும் கூட்டி அனுப்ப வேண்டும். கூட்டினால் வருவது எஃப்2. பிறழ்ந்த இ5ஆக முன்பு கண்ட அதே எண். இதில் உட்பொருள் ஏதுமில்லை.

இரண்டு இரண்டு பைட்டுகளாக எக்ஸ், ஒய், இசட் அச்சுகள் வரும். ஒவ்வொன்றிலும் கீழ் பைட் முதலில். இயல்பான அளவீட்டில் ஒரு ஜி என்பது ஏறத்தாழ 256. மேசைமேல் அசையாமல் கிடக்கும் பலகையில் எக்ஸும் ஒய்யும் சுழியத்தை ஒட்டியும் இசட் 256ஐ ஒட்டியும் இருந்தால் அமைப்பு முடிந்தது. மைனஸ் 256 வந்தாலும் முடிந்ததுதான். பலகையைத் திருப்பிப் போட்டால் போதும்.