பெட்டிக்குள் என்ன இருக்கு தம்பி?

அப்போதெல்லாம் சினிமாவில் இயக்குநராக ஒரு வழிதான் இருந்தது. யாராவது ஒரு டைரக்டரிடம் போய்ச் சேர வேண்டும். முதல் படத்தில் கிளாப் அடிக்கலாம். இரண்டாவது படத்தில் கன்டினியூட்டி நோட்டு கைக்கு வரும். போன ஷாட்டில் நாயகி எந்தக் கையில் வளையல் போட்டிருந்தார், டம்ளரில் காபி எவ்வளவு மிச்சம் இருந்தது என்றெல்லாம் அதில் எழுத வேண்டும். மூன்றாவது படத்தில், டைரக்டரிடம் வாங்கிய திட்டை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் அதிகாரம் கிடைக்கும். அதற்குள் முன்தலையில் முடி கொட்டத் தொடங்கியிருக்கும். பிலிமில் எடுத்த காலம் அது. 400 அடி ரோல் ஒன்று நாலரை நிமிடத்துக்குள் ஓடி முடிந்துவிடும். அந்த நாலரை நிமிடத்தின் விலை தெரிந்த எந்தத் தயாரிப்பாளரும் புதுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு, ‘எடுத்துப் பாரேன்’ என்று சொல்லிவிட மாட்டார்.

2008இல் கேனான் 5டி மார்க் 2 வந்தது. போட்டோ எடுக்கும் கேமராவிலேயே சினிமா போல வீடியோவும் எடுக்கலாம் என்று ஆனது. இங்கே அதை முதலில் வாங்கியவர்கள் கல்யாண போட்டோகிராபர்கள். முகூர்த்தம் இல்லாத நாட்களில் அது எங்களுக்குக் குறைந்த வாடகைக்குக் கிடைத்தது. அதனால் நான் பார்த்த வரையில் தமிழ் சினிமாவின் புதிய அலை, ஆடியிலும் மார்கழியிலும்தான் கொஞ்சம் கூடுதலாக எழும்பியது.

அந்த நேரத்தில்தான் கலைஞர் தொலைக்காட்சியில் ‘நாளைய இயக்குநர்’ வந்தது. புதியவர்கள் குறும்படம் எடுத்து வருவார்கள். ஒளிபரப்புவார்கள். நடுவர்கள் உட்கார்ந்து நிறை குறை சொல்வார்கள். முதல் சுற்றுகளில் நடுவர்களாக இருந்தவர்கள் கார்ட்டூனிஸ்ட் மதனும் பிரதாப் போத்தனும். பிரதாப் போத்தனே ‘மீண்டும் ஒரு காதல் கதை’ மூலம் அறிமுக இயக்குநருக்கான தேசிய விருது வாங்கியவர். முதல் படம் எடுக்கிறவனின் வயிற்றில் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்த்த கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி, அல்போன்ஸ் புத்திரன், பாலாஜி மோகன் எல்லோரும் அந்த வழியாக வந்தவர்கள். அவர்களுடைய குறும்படங்களில் விஜய் சேதுபதி என்றும் பாபி சிம்ஹா என்றும் இரண்டு பேர் நடித்துக்கொண்டிருந்தார்கள். வாரத்துக்கு ஒரு வேஷம். சம்பளம் பெரும்பாலும் பிரியாணி.

நான் போட்டிக்குப் போகவில்லை. போன நண்பர்களுக்குத் தெர்மாகோல் பிடித்தேன். வெயிலை முகத்துக்குத் திருப்பிவிடும் அந்த வெள்ளை அட்டைதான் எங்கள் லைட்டிங் டிபார்ட்மென்ட். என் கையில் குறும்படம் இல்லாவிட்டாலும் முழுநீளக் கதை ஒன்று இருந்தது. ஒரு சின்ன ஊர்ப் பேருந்து நிலையத்தில், பயணிகளின் சாமான்களைப் பாதுகாக்கும் அறையை வயதான ஒருவர் பார்த்துக்கொள்கிறார். யாரோ வைத்துவிட்டுப் போன பெட்டி ஒன்றை எடுக்க யாருமே வரவில்லை. அவர் என்ன செய்கிறார்? படம் முழுக்க ஒரே இடம், ஐந்து பேர். சின்ன பட்ஜெட் படம் என்றால் இதைவிடச் சின்னதாக இருக்க முடியாது என்று நம்பினேன்.

அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்த நண்பன் ஒருவன், ஹார்ட் டிஸ்க் நிறைய ‘புராஜெக்ட் கிரீன்லைட்’ கொண்டுவந்தான். 2001இல் எச்.பி.ஓ.வில் தொடங்கிய நிகழ்ச்சி. மாட் டேமனும் பென் அஃப்ளெக்கும் தயாரிப்பாளர் கிறிஸ் மூரும் சேர்ந்து நடத்தியது. ஆயிரக்கணக்கில் வந்த திரைக்கதைகளிலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுத்து, மிராமேக்ஸ் காசில் அவரை இயக்குநராக்கி, அவர் படும் பாட்டை முழுக்க இன்னொரு கேமராவால் எடுத்து ஒளிபரப்பினார்கள். முதலில் ஜெயித்த பீட் ஜோன்ஸ், சிகாகோவில் இன்ஷூரன்ஸ் விற்றுக்கொண்டிருந்தவர்.

ஹால் தரையில் உட்கார்ந்து ஒரே மூச்சில் பார்த்தோம். எங்களை வாய் பிளக்க வைத்தது அங்கே போட்ட சண்டைதான். பட்ஜெட் மீட்டிங்கில் சண்டை, நடிகர் தேர்வில் சண்டை, எடிட்டிங் அறையில் சண்டை. நம்மூரில் கதவைச் சாத்திக்கொண்டு செய்கிற காரியத்தையெல்லாம் அவர்கள் மைக் மாட்டிக்கொண்டு செய்தார்கள். இரண்டாவது சுற்றில் வந்த ‘தி பேட்டில் ஆஃப் ஷேக்கர் ஹைட்ஸ்’ படத்தை இரண்டு பேர் இயக்கினார்கள். சோகத்தைக் குறைத்துச் சிரிப்பைக் கூட்டச் சொல்லி ஸ்டூடியோ நெருக்கியது. கடைசியில் 79 நிமிடப் படமாகச் சுருங்கி வந்தது. இரண்டு படமும் ஓடவில்லை. எனவே மூன்றாவது தடவை கலையை ஓரமாக வைத்துவிட்டு, காசு திரும்பி வருகிற மாதிரி பேய் பிசாசு ரகத்தில் போவோம் என்று முடிவெடுத்தார்கள். அப்படி வந்ததுதான் ‘ஃபீஸ்ட்’. அதன் இயக்குநர் ஜான் குலாகர் தன் அப்பாவையும் காதலியையும் நடிக்க வைக்கப் போராடினார். அதைப் பார்த்தபோதுதான் ஹாலிவுட் நமக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது என்று தோன்றியது.

‘நம்ம ஊர்ல நேர்ல போனாலே இதைவிட நல்லா பேசுவாங்கடா’ என்றான் நண்பன். போனேன்.

முதலில் போன தயாரிப்பாளரின் ஆபீஸ் சாலிகிராமத்தில். ‘பருத்திவீரன்’, ‘சுப்ரமணியபுரம்’ ஓடி முடித்து, கோடம்பாக்கமே மதுரைக்கு டிக்கெட் எடுத்திருந்த சமயம். கதையைக் கேட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டாரோ என்று நினைத்தபோது, ‘பெட்டிக்குள்ள என்ன இருக்கு தம்பி?’ என்றார்.

‘கடைசி வரைக்கும் சொல்ல மாட்டோம் சார். அதுதான் சார் கதையே.’

‘அருவா இருக்கட்டும். பஸ் ஸ்டாண்டு மாட்டுத்தாவணி.’

அடுத்து வேறொருவர். அவர் கணக்குத் தெரிந்தவர். தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரி கிடையாது என்று 2006இல் அரசு சொல்லியிருந்தது. 2011க்குப் பிறகு யு சான்றிதழும் வேண்டும் என்றானது. ‘டைட்டில் தமிழ்ல இருக்கு, சந்தோஷம். அருவாளை எடுத்துடுங்க, யு வாங்கணும். ரெண்டு பாட்டு, ஒரு காமெடி டிராக். சாட்டிலைட்ல பாதி எடுத்துடலாம். சின்னப் படத்துக்கு மானியம்னு ஏழு லட்சம் வேற கவர்மென்ட்ல தர்றாங்க’ என்றார். என் கதையில் யார் நடிப்பது என்பதைத் தவிர அவர் எல்லாம் பேசினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். வட்டிக்கு வாங்கிப் படம் எடுக்கிறவர் பெட்டியைத் திறந்து பார்க்க ஆசைப்படுவது நியாயம்தானே.

2012 அக்டோபரில் ‘பீட்சா’ வந்தது. கார்த்திக் சுப்புராஜ் முதலில் எடுக்க நினைத்தது ‘ஜிகர்தண்டா’வை. முதல் படத்துக்கு அது பெரிய பட்ஜெட் என்பதால், சின்ன முதலீட்டில் முடிகிற மாதிரி ஒரு வீடு, ஒரு ராத்திரி, டார்ச் லைட் வெளிச்சம் என்று எழுதிய கதைதான் ‘பீட்சா’. கையில் காசில்லாததையே அவர் கதையாக்கிவிட்டார். இருட்டுக்கு லைட் வேண்டாம் பாருங்கள். டிராவல்ஸ் தொழிலிலிருந்து வந்த சி.வி. குமார் அதைத் தயாரித்தார். அடுத்த வருஷம் அவரே நலனின் ‘சூது கவ்வும்’ எடுத்தார். ராம்குமாரின் ‘முண்டாசுப்பட்டி’யும் ரவிக்குமாரின் ‘இன்று நேற்று நாளை’யும் பின்னால் வந்தன. தொலைக்காட்சியில் பத்து நிமிடப் படம் காட்டியவர்கள் தியேட்டரில் இரண்டரை மணி நேரம் காட்டினார்கள். கூட்டமும் வந்தது.

எனக்கும் உடனே பலன் கிடைத்தது. எல்லா ஆபீஸிலும் என்னை உட்காரச் சொன்னார்கள். ‘குறும்படம் பண்ணிருக்கீங்களா?’ என்று கேட்டார்கள். பெட்டிக்குள் பேய் வைக்கச் சொன்னார்கள். கொஞ்ச நாளில் பேயும் காமெடியும் சேர்ந்து ஓடத் தொடங்கியதும், பெட்டிக்குள் இருக்கும் பேய் சிரிப்புக் காட்ட வேண்டும் என்றார்கள். பெட்டி அதேதான். மார்க்கெட் மாறும்போதெல்லாம் உள்ளே இருப்பது மட்டும் மாறிக்கொண்டிருந்தது.

இப்போது திரும்பிப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரிகிறது. அமெரிக்கக்காரர்கள் சண்டையைக் காட்டினார்கள், படத்தைக் கோட்டைவிட்டார்கள். 2015இல் எச்.பி.ஓ. நான்காவது சுற்று நடத்தியபோது, ஜேசன் மான் என்ற புது இயக்குநர் டிஜிட்டல் வேண்டாம், பிலிமில்தான் எடுப்பேன் என்று அடம்பிடித்தார். மொத்த பட்ஜெட் 30 லட்சம் டாலர். பிலிமுக்குக் கொட்டுகிற காசில் கூடுதலாகப் படப்பிடிப்பு நாட்கள் கிடைக்கும் என்று தயாரிப்பாளர் எஃபி பிரவுன் வாதாடினார். அந்த வாதம் அருமையான தொலைக்காட்சி. மான் கேட்டது கிடைத்தது, பிலிமிலேயே எடுத்தார். ‘தி லெஷர் கிளாஸ்’ என்று அந்தப் படம் வந்தபோது, அது பிறந்த கதையைப் பற்றிப் பேசியவர்கள்தான் அதிகம். இத்தனைக்கும் ஃபியூஜி நிறுவனம் சினிமா பிலிம் தயாரிப்பதை 2013இலேயே நிறுத்தியிருந்தது. நாங்கள் ஆசைப்பட்டாலும் அடம்பிடிக்க அன்றைக்கு வழி இல்லை.

நம் நிகழ்ச்சி இதற்கு நேர் எதிர். அது படத்தைக் காட்டியது, சண்டையைக் காட்டவில்லை. கேமராவுக்கு யார் கம்மலை அடகு வைத்தார்கள், லொகேஷனிலிருந்து யார் துரத்தினார்கள், எடிட்டர் எந்த ராத்திரியில் கைவிட்டார் என்பதெல்லாம் ஒளிபரப்பில் வராது. முடித்துக் கொண்டுவந்த படம் மட்டும்தான் வரும். நடுவர் கேட்பதும் அந்தப் படத்தைப் பற்றித்தான். புலம்பலுக்கு மார்க் இல்லை என்றால் மனுஷன் வேறு வழியில்லாமல் படத்தைச் சரியாக எடுக்கப் பழகிவிடுவான் போலிருக்கிறது.

அந்தப் புலம்பலையும் அவர்கள் வீணாக்கவில்லை. சேர்த்து வைத்திருந்து பின்னால் படத்தில் போட்டார்கள். ‘ஜிகர்தண்டா’ தொடங்குவதே ஒரு தொலைக்காட்சிக் குறும்படப் போட்டியில். தோற்றுப்போன பையனுக்கு, இன்னொரு நடுவர்மேல் உள்ள கோபத்தில் ஒரு தயாரிப்பாளர் வாய்ப்பு தருகிறார். ஆனால் அவன் வைத்திருக்கும் கதை வேண்டாம், ரவுடிக் கதை வேண்டும் என்கிறார். ராம்குமாரின் ‘ராட்சசன்’ நாயகனும் அப்படித்தான். சைக்கோ கொலைகாரன் கதையோடு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, எங்கும் தேறாமல், கடைசியில் போலீஸ் வேலைக்குப் போகிறான். தியேட்டரில் அந்தக் காட்சிகளுக்கு ஜனங்கள் சிரித்தார்கள். முன் வரிசையில் உட்கார்ந்திருந்த உதவி இயக்குநர்கள் யாரும் சிரிக்கவில்லை.

இப்போது ஆபீஸ் சாலிகிராமத்தில் இல்லை. கண்ணாடிக் கட்டடத்தின் ஏதோ ஒரு மாடியில் இருக்கிறது. கதை சொல்ல வேண்டாம், ‘டெக்’ அனுப்பினால் போதும். டீ கிடையாது, இயந்திரத்தில் காபி பிடித்துக்கொள்ளலாம். எதிரே இருப்பவருக்கு என் கன்டினியூட்டி நோட்டின் வயதுதான் இருக்கும்.

‘ப்ரோ, சூப்பர் ப்ரோ. அந்தப் பெரியவர் கேரக்டர் செம. பெட்டிக்குள்ள என்ன?’

‘சொல்ல மாட்டோம்.’

‘முதல் எபிசோடு முடியறப்போ திறந்துடணும் ப்ரோ. டெட் பாடி. மொத்தம் எட்டு எபிசோடு. இல்லேன்னா நடுவுல விட்டுட்டுப் போயிடுவாங்க.’

முன்பு இடைவேளைக்கு முன்னால் திறக்கச் சொன்னார்கள். இப்போது அதுவரைக்கும்கூடப் பொறுமை இல்லை. பிறகு அந்த ஓடிடி வாய்ப்பும் போனது. முதலில் தியேட்டரில் ஓடிக் காட்டினால்தான் ஓடிடி வாங்கும் என்கிறார்கள். தியேட்டரில் போடுபவரோ, ஓடிடி வாங்கிவிட்டதா என்று கேட்கிறார். அருவாள் காலத்து சாலிகிராமம்காரர் எவ்வளவோ தேவலை. அவராவது சொந்தப் புத்தியில் கதையைக் கெடுத்தார்.

இதற்கு நடுவில் எனக்கொரு தொழில் அமைந்துவிட்டது. புதியவர்களின் திரைக்கதையைப் படித்து ‘நோட்ஸ்’ எழுதிக் கொடுக்கும் வேலை. நல்ல சம்பளம், மாசாமாசம் வருகிறது. ‘கதாபாத்திரங்கள் உயிரோட்டமாக உள்ளன. ஆயினும் பார்வையாளரை முதல் பத்து நிமிடத்துக்குள் பிடித்து நிறுத்தும் சம்பவம் தேவை’ என்று எழுதுவேன். அந்தப் பையன்கள் வெளியே போய் என்னைப் பற்றி என்ன பேசுவார்கள் என்று எனக்கு வரி வரியாகத் தெரியும். பாதி வசனம் நான் எழுதியதுதான்.

போன மாதம் ஒரு யூடியூப் சேனலில் பேட்டிக்குக் கூப்பிட்டார்கள். இப்போதெல்லாம் படம் எடுத்தவரைவிட எடுக்க முடியாதவருக்கு வியூஸ் அதிகம். நம்மூருக்கும் புராஜெக்ட் கிரீன்லைட் வந்து சேர்ந்துவிட்டது, ஆனால் அதற்கு யாரும் படம் எடுத்துத் தர வேண்டியதில்லை. மதுரை அருவாள், சிரிக்கும் பேய், எட்டு எபிசோடுப் பிணம் எல்லாவற்றையும் சொன்னேன். தொகுத்து வழங்கிய பெண் கண்ணில் நீர் வரச் சிரித்தார். ‘சார், இதையே படமா எடுக்கலாமே!’ என்றார். வந்தவர்களிடம் எல்லாம் சொல்வார் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு தயாரிப்பாளர் போன் செய்தார். பேட்டியைக் குடும்பத்தோடு பார்த்தாராம். ‘உங்க கதைதாங்க. ஃபர்ஸ்ட் காப்பி பேசிஸ்ல பண்ணிக் குடுத்துடுங்க. ஒரே ஆபீஸ் செட்டு, அஞ்சு ஆறு பேரு, சின்ன பட்ஜெட். நீங்க கேட்ட மாதிரியே பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு சொல்லவே வேணாம், எனக்கு அதெல்லாம் பிரச்சினை இல்லை’ என்றார். இத்தனை வருஷத்தில் அந்த வாக்கியத்தை ஒரு தயாரிப்பாளர் வாயால் கேட்பது அதுதான் முதல் தடவை. நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

‘ஒரே ஒரு சேஞ்ச் மட்டும்’ என்றார். ‘அந்தத் தயாரிப்பாளர் கேரக்டர் இருக்கு பாருங்க, அவரைக் கொஞ்சம் நல்லவரா மாத்திடுங்க. ஜனங்க ஏத்துக்க மாட்டாங்க.’