நாற்பத்தாறில் நாற்பத்திரண்டு

கேள்வி: வயது 46. இதுவரை டவுன் பஸ்ஸைப் பிடிக்க மட்டுமே ஓடியிருக்கிறேன். மாரத்தானுக்கு ஆசைப்படலாமா?

பதில்: தாராளமாக. பஞ்சாபில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய ஃபௌஜா சிங், 2000-இல் லண்டன் மாரத்தானை முதன்முதலாக ஓடியபோது அவருக்கு 89 வயது. 2011-இல் டொரன்டோவில் 42.195 கிலோமீட்டரையும் ஓடி முடித்தபோது நூறு. கின்னஸ்காரர்கள் அவர் கால்களைச் சந்தேகிக்கவில்லை. பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். 1911-இல் பஞ்சாப் கிராமத்தில் அதை யார் எழுதிக் கொடுத்தார்கள்? சாதனை ஏட்டில் ஏறவில்லை.

முதலில் டாக்டரிடம் இதயத்தைக் காட்டுங்கள், பிறகு ஷூ வாங்குங்கள். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

நடந்து நடந்து ஓடுவதில் வெட்கமே வேண்டாம். இந்த முறையைப் பிரபலமாக்கிய ஜெஃப் காலோவே, 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஓடியவர். வாரம் ஒரு நீண்ட ஓட்டம். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக முப்பது கிலோமீட்டர்வரை கொண்டுபோனால் போதும். பலருக்கும் அந்தத் தூரத்தில்தான் தசையில் சேமித்த சர்க்கரை தீர்ந்து, கால் இரும்பாகிவிடும். அதனால் வழியிலேயே ஏதாவது சாப்பிட்டுப் பழகுவதும் பயிற்சிதான். நம் ஊரில் இதற்கு யாரும் தனியாகச் சிரமப்பட வேண்டியதில்லை.

போட்டிக்கு முந்தைய இரண்டு மூன்று வாரம் ஓட்டத்தைக் குறைத்து ஓய்வெடுக்க வேண்டும். பயிற்சித் திட்டத்தில் சோம்பேறிகளுக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். என்ன, அதுவரை அவர்கள் வந்து சேருவதில்லை.