மொட்டைமாடியில் செவ்வாய்

செவ்வாய் சுமார் 26 மாதங்களுக்கு ஒருமுறைதான் பூமிக்கு அருகே வருவார். 2003 ஆகஸ்டில் ஏறக்குறைய 60,000 ஆண்டுகளில் இல்லாத நெருக்கம். அப்போது என்னிடம் தொலைநோக்கி இல்லை. 2018 ஜூலையில் இருந்தது. அவரோ கிரகம் முழுக்கப் புழுதியைக் கிளப்பிப் போர்த்திக்கொண்டார்.

மூன்று இரவுகள் கொசுக்களுக்கு ரத்ததானம் செய்து, ஆயிரக்கணக்கான பிரேம்களை வீடியோவாக எடுத்து, தேறியவற்றைக் கணினியில் அடுக்கினேன். கிடைத்தது ஒரு மசால்வடை. வானியலாளர் பெர்சிவல் லோவல் 24 அங்குலத் தொலைநோக்கியில் பார்த்து, செவ்வாயில் இல்லாத கால்வாய்களையே வரைந்தார். என் 6 அங்குலத்தில் இல்லாத எதுவும் தெரியவில்லை, இருப்பதும்தான்.

பக்கத்து வீட்டு மாமா எட்டிப் பார்த்தார். "இத்தனூண்டா? நிலா சைஸுக்குத் தெரியும்னு வாட்ஸ்அப்ல வந்துதே?"

அந்த வதந்தி 2003இல் பிறந்தது. '75 மடங்கு பெருக்கிப் பார்த்தால்' என்ற சொற்கள் மட்டும் வழியில் உதிர்ந்துவிட்டன. விளக்க வாயெடுத்தேன்.

"விடுங்க சார். எங்க ஜோசியர் இந்தக் குழாயெல்லாம் இல்லாமலே என் பொண்ணு ஜாதகத்துல ஏழாம் வீட்டுல கண்டுபிடிச்சுட்டார்."