முருகனுக்கு ஓனர் கிடையாது தாயி

ஏ தாயி, கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை எழுதிக் குடுத்துட்டு இனிமே படம் போட்டுத்தான் பொழைக்கப் போறேன்னு சொன்னியாம்ல. உங்க அம்மா போன்ல அழுதுக்கிட்டே சொன்னா. நான் சிரிச்சுட்டேன். அதுக்கும் சேத்து அழுதா. இந்த வீட்டுல படத்தால சோறு தின்ன மொத ஆளு நீ இல்லத்தா. சிவகாசியில ஆப்செட் மிஷின்ல நின்னு லட்சக்கணக்குல சாமி அடிச்சவன் உன் தாத்தன். வரையத்தான் தெரியாது. வரைஞ்சவனுக்கு என்ன கெடைச்சுது, அடிச்சவனுக்கு என்ன கெடைச்சுது, வித்தவனுக்கு என்ன கெடைச்சுதுன்னு மூணும் தெரியும். சொல்றேன் கேளு. ஓசிதான். அதனால பாதிக்கு மேல நம்பாத.

உன் காமிக் கானைப் பாக்க நந்தம்பாக்கத்துக்கு நானும் வந்தேன்ல. டில்லியில 2011-ல ஆரம்பிச்ச காமிக்ஸ் திருவிழா, நம்ம சென்னைக்கு 2024 பிப்ரவரியிலதான் மொதமொத வந்துச்சாம். நல்லா இருந்துச்சு. முழங்கை நீளத்துக்கு ரெக்கை கட்டுன பொண்ணு ஒண்ணு திரும்புறப்ப என் மூஞ்சில ஒரு அடி. ஆரஞ்சு சட்டையும் நெத்திப்பட்டையுமா பயலுக கூட்டம் கூட்டமாத் திரியுறாக. நான் வேட்டி, துண்டு, மீசையோட தூணோரமா நிக்கேன், ஒருத்தன் வந்து "நீங்க எந்தக் கேரக்டர்?"னு கேட்டான். சிவகாசின்னேன். "ஓ, விஜய் படமா"ன்னு தோள்ல கை போட்டு செல்ஃபி எடுத்துட்டுப் போயிட்டான். காசு கேக்காம விட்டது என் தப்புத்தான்னு இன்னைக்கும் தோணும்.

உங்க ஆர்ட்டிஸ்ட் வரிசைக்கு வந்தேன். பங்குனித் திருவிழாவுல கோயில் வாசல்ல சாமி படம் விரிக்கிற கடைக்கும் இதுக்கும் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலத்தா. அங்க கயித்துல கிளிப் போட்டுத் தொங்கும், இங்க கம்பி வலையில ஜிப் டை போட்டுத் தொங்குது. அங்க மேசைக்கு மேசை முருகன், இங்க மேசைக்கு மேசை ஜப்பான் காமிக்ஸ் பய நருட்டோ. பக்கத்து மேசைக்காரனும் அதே பயலைத்தான் வரைஞ்சு வச்சிருக்கான், நீயும் அதே பயலைத்தான் வரைஞ்சிருக்க. ஒரே ஒரு வித்தியாசம் உண்டு, அதைக் கடைசியில சொல்றேன். மொதல்ல யாவாரம்.

வர்ற கூட்டத்தைப் பாத்தியா? படத்தைக் கையில எடுப்பான், "செம"ம்பான், மேசையோட சேத்து போட்டோ எடுப்பான், "இன்ஸ்டா ஐடி சொல்லுங்க"ம்பான், போயிருவான். அவன் மேல கோவப்படாத. அவன் பையில மெட்ரோவுக்கு மட்டுந்தான் காசு. காசு வச்சிருக்கவன் அவனுக்குப் பின்னால நிக்கிறான் பாரு, பையையும் தண்ணி பாட்டிலையும் தூக்கிட்டு, எதுக்குடா வந்தோம்னு முழிச்சுக்கிட்டு. அவன்தான் அப்பன். அவனுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடு. உக்காந்தவன் சும்மா எந்திரிக்க மாட்டான், கூச்சத்துக்காவது ஒரு சாவிக்கொத்து வாங்குவான். மேசை மூலையில இரும்புக்கை மாயாவி படம் ஒண்ணு வச்சுப் பாரு. 1972-ல சிவகாசியில முத்து காமிக்ஸ் ஆரம்பிச்சப்ப மொத புத்தகமே அதுதான். ஒளிச்சு வச்சுப் படிச்சு அடி வாங்குன அப்பன்மாரு இந்த ஊர்ல ஏராளம். மவன் நருட்டோ கேக்கையில அப்பன் மாயாவியைப் பாத்து நிப்பான். ஆனா மாயாவியும் இரவல் ஆளுதான், சீமையில 'ஸ்டீல் கிளா'ன்னு வந்தவன். அது ஏன் முக்கியம்னு கடைசியில புரியும்.

சின்னச் சாமான் கண்ணுக்குக் கிட்ட இருக்கணும். ஸ்டிக்கர், பேட்ஜ், புக்மார்க் முன்வரிசையில. பெரிய ஏ3 படம் பின்னால, உசரத்துல. ஸ்டிக்கர் வாங்கக் குனியுறவன் நிமிரையில பெரிய படம் கண்ணுல படணும். க்யூஆர் அட்டையை மூணு எடத்துல ஒட்டு. அந்த ஹாலுக்குள்ள ஆயிரக்கணக்கான பேரு ஒரே நேரத்துல வீடியோ அனுப்புறாக, டவர் திணறிப் போகுது. "பேமென்ட் போயிருச்சுக்கா"ன்னு ஸ்கிரீன்ஷாட் காட்டுறவனைப் பாத்துச் சிரி, படத்தை மட்டும் கையை விட்டு விடாத. உன் போன்ல மெசேஜ் வந்தாத்தான் சரக்கு. சில்லறை நெறைய வச்சுக்க. ஊரே மொபைல்ல காசு குடுத்தாலும் பாட்டிக 500 ரூவா நோட்டோடதான் வருவாக.

இப்பக் கணக்கு. உனக்குப் பிடிக்காது, அதனால மெதுவாச் சொல்றேன். படம் ஒண்ணு 200 ரூவாய்க்கு விக்கிற. தாளு, அச்சு, லேமினேஷன், கவர் எல்லாம் 50 ரூவா ஆச்சுன்னு வையி. மிச்சம் 150. மேசை வாடகை, ரயிலு, ரூமு, சோறு எல்லாஞ் சேத்து 20,000 ஆச்சுன்னு வையி. அப்ப 134-ஆவது படம் விக்கையிலதான் உனக்குன்னு மொத ரூவா எட்டிப் பாக்குது. அதுவரைக்கும் நீ வித்ததெல்லாம் ரயில்வேக்கும் லாட்ஜுக்கும் மேசைக்காரனுக்கும். ராவெல்லாம் உக்காந்து வரைஞ்ச கைக்கு இன்னும் கூலியே போடல. போட்டா உங்க அம்மாவோட சேந்து நானும் அழணும். "அக்கா, ரெண்டு எடுத்தா கொறைப்பீகளா"ன்னு கேட்டா, மூணு எடுத்தாக் கொறைப்பேன்னு சொல்லு. ரெண்டுக்குக் கொறைச்சது காத்துல போயிரும்.

அச்சுன்னதும் எனக்கு வாய் ஊறுது. அன்னைக்கு உன் மேசையில தொங்குச்சே ஒரு ஊதா வானம், ஸ்கிரீன்ல மின்னுனது தாளுல ஏன் செத்துப் போச்சு தெரியுமா? ஸ்கிரீன்ல வெளிச்சம் நெறம் காட்டுது. மிஷின்ல இருக்கது நாலே மை: சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு. அந்த நாலுக்குள்ள வராத நெறத்தை எந்தக் கொம்பன் வந்தாலும் தாளுல ஏத்த முடியாது. வரையும்போதே சிஎம்ஒய்கே-யில ஒருக்காப் பாத்துக்க. ஓரத்துல 3 மி.மீ. கூட விட்டு வரை. கட்டிங் மிஷின் கத்தி ஒரு மயிரிழை நகந்தாலும் வெள்ளைக்கோடு பல்லிளிக்கும். அப்புறம், முகத்தைக் கொண்டுபோய் ஓரத்துல வைக்காத. முருகன் வேலை வெட்டிட்டோம்னு ஒரு லோடு காலண்டரைத் திருப்பி அனுப்புன ஏவாரிகளை நான் பாத்திருக்கேன். சாமி கோவிச்சுக்கல, ஏவாரிதான் கோவிச்சான்.

நீ கானுக்கு மட்டும் வரையலையே, ஆர்டருக்கும் வரையுற. அங்கதான் உன்னை மொட்டை அடிப்பாக. "பட்ஜெட் இல்ல மேடம், ஆனா நல்ல எக்ஸ்போஷர் கெடைக்கும்"னு ஒருத்தன் சொன்னா, அரிசிக்கடையில எக்ஸ்போஷர் குடுத்தா எத்தனை கிலோ போடுவாகன்னு கேளு. பாதிப் பணம் மொதல்ல வாங்காம பென்சிலைத் தொடாத. ரெண்டு திருத்தத்துக்கு மேல காசுன்னு எழுதி வாங்கு. "சின்ன கரெக்‌ஷன்தான்"னு சொல்லிட்டு மூஞ்சி, உடுப்பு, பின்னணி மூணையும் மாத்தச் சொல்லுவாக. கம்பெனிக்காரன் டிடிஎஸ் பிடிப்பான், பிடிக்கட்டும். பிடிச்சதைக் கட்டுனானான்னு உன் பேன் நம்பர்ல போய்ப் பாத்துக்க. கணக்குத் தாக்கல் பண்ணாட்டி அந்தக் காசு சர்க்காருக்குத் தானம்.

பிரஸ்ஸுக்கு வர்ற வக்கீல் ஒருத்தரு எனக்குச் சொன்னது, நீயும் கேட்டுக்க. 1957-ல போட்ட காப்புரிமைச் சட்டத்துல 17-ஆவது பிரிவு. காசு குடுத்து ஒருத்தன் உன்னை ஓவியம் வரையச் சொன்னா, வேற மாதிரி ஒப்பந்தம் இல்லாட்டி, அதுக்கு மொத ஓனர் காசு குடுத்தவன்தான். அதிர்ச்சியா இருக்கா? எங்க ஊர்ல பல ஓவியருக்கும் இருந்துச்சு. அதனால உரிமை என்கிட்டதான், உனக்கு இன்ன வேலைக்கு மட்டுந்தான்னு எழுதிக் கையெழுத்து வாங்கு. எழுதிக் குடுக்கறப்ப எத்தனை வருசம்னு போடலேன்னா 5 வருசம்னும், எந்த எடம்னு போடலேன்னா இந்தியா மட்டும்னும் 19-ஆவது பிரிவு எடுத்துக்கும். உரிமையையே வித்தாலும் இது நான் வரைஞ்சதுன்னு சொல்லிக்கிற பாத்தியதை உன்னைவிட்டுப் போகாது, அது 57-ஆவது பிரிவு. ஆனா பேரை வச்சுக்கிட்டு மளிகை வாங்க முடியாது பாத்துக்க.

இப்ப, கடைசியில சொல்றேன்னேனே, முருகனுக்கும் நருட்டோவுக்கும் உள்ள அந்த வித்தியாசம். கோவில்பட்டி கொண்டையராஜுன்னு ஒருத்தரு இருந்தாரு. மதராஸ்ல ஓவியப் பள்ளிக்கூடத்துல படிச்சு, திருவண்ணாமலையில ரமண மகரிஷிகிட்ட கொஞ்ச காலம் கெடந்து, நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதி, கடைசியில கோவில்பட்டியிலயே தங்கிட்டாரு. 1976-ல போய்ச் சேந்தாரு. அவரும் அவரு சிஷ்யப்பிள்ளைகளும் வரைய, சிவகாசி பிரஸ்ஸுக அடிச்சுத் தள்ளுச்சு. இன்னைக்கும் நீ கண்ணை மூடி முருகன்னு நெனைச்சா வர்ற மூஞ்சி, அவுக வரைஞ்ச மூஞ்சியாத்தான் இருக்கும். அதுக்கு பழனியில இருந்து ஒரு வக்கீல் நோட்டீஸ் வரல. சாமி பேர்ல நிலத்துக்குக் கேஸ் நடக்கும், மூஞ்சிக்கு நடக்காது. முருகனுக்கு ஓனர் கிடையாது தாயி.

நருட்டோவுக்கு உண்டு. கிஷிமோட்டோன்னு ஒருத்தரு 1999-ல இருந்து 2014 வரைக்கும் வாராவாரம் வரைஞ்சு வளத்த பிள்ளை அது. நீ வரைஞ்சு விக்கிறது அடுத்தவன் பிள்ளையை. நீயே சொன்னியே, டோக்கியோவுல ரசிகரே வரைஞ்சு விக்கிற 'காமிக்கெட்' 1975-ல வெறும் 32 குழுவோட ஆரம்பிச்சு இன்னைக்குக் கடலாட்டம் ஆயிருச்சுன்னு. அங்க ஓனர்மாரு கண்டுங்காணாம இருக்காக, ஏன்னா அந்தக் கூட்டத்துல இருந்துதான் நாளைக்கு அவுகளுக்குக் கை கெடைக்கும். 'கிளாம்ப்'ங்கிற பொம்பளைப் பிள்ளைக கூட்டம் அப்படித்தான் ரசிகரா இருந்து பெரிய ஆளானாகளாம். ஆனா அதே நாட்டுல 1999-ல போக்கிமானை வச்சு அசிங்கமாப் புத்தகம் போட்ட ஒரு பொண்ணை போலீசு பிடிச்சுட்டும் போச்சு. கண்டுங்காணாம இருக்கவன் என்னைக்கு காணுவான்னு உனக்குத் தெரியாது. உன் சோறு அவன் கண்ணசைவுல கெடக்கு.

அதுக்காக நருட்டோவைக் கழட்டாத. கூட்டத்தை மேசைக்கு இழுக்குறவன் அவன்தான். நான் கேக்குறது, மேசைக்கு அடியில அட்டைப்பெட்டியில ஏன் ஐயனாரைப் போட்டு வச்சிருந்த? மீசை காத்துல பறக்க, புல்லட்டுல, பின் சீட்டுல கருப்பசாமி அருவாளைத் தூக்கிக்கிட்டு, ஹெல்மெட் மட்டும் ரெண்டு பேருக்கும் இருக்கு. அந்தப் படத்தை வெளிய எடுக்க வெக்கப்பட்ட. ஒரு சின்னப்பிள்ளை கீழ குனிஞ்சு பெட்டியில கையை விட்டு உருவி "இது யாரு?"ன்னு கேட்டுச்சே, நீ பதில் சொல்லத் தடுமாறுனியே, அப்ப அவுக அப்பன் மூஞ்சியைப் பாத்தியா? அவுக ஊர்க் கதையை அவனே சொல்ல ஆரம்பிச்சான். அந்த ஐயனாருக்கு எந்த ஊருலயும் ஓனர் இல்ல. நீ போட்ட ஹெல்மெட்டுக்கும் புல்லட்டுல உக்காந்த அந்தத் தோரணைக்கும் நீதான் ஓனர், நீ உசுரோட இருக்க வரைக்கும், அதுக்கு மேல 60 வருசமும். உன் பேரப்பிள்ளை வரைக்கும் சோறு போடும் ஆத்தா அது.

இப்ப ஏஐ மிஷினே படம் வரையுதுன்னு பயப்படுறியாம். 2025 மார்ச்சுல ஊரே தன் மூஞ்சியை அந்த மிஷின்ல குடுத்து, ஜப்பான் கார்ட்டூன் கம்பெனி கிப்லியோட படம் கணக்கா மாத்திப் போட்டுக்கிச்சு, நம்ம டீக்கடை முத்துகூட. ஒரு வாரம் கூத்து. நீ அதைப் பாத்து ராத்தூக்கம் கெட்ட. அந்த மிஷின் மேசை போட்டு உக்காந்து, புல்லட்டுல ஏன் ஐயனாருன்னு கேக்குற அப்பன்கிட்ட வாயடிக்குமா? அதைவிட்டா எனக்கும் பதில் தெரியாது. தெரிஞ்ச மாதிரி பேசுறவன்கிட்ட வகுப்புக்குக் காசு கட்டாத.

சரி, அடுத்த கானுக்கு ஐயனாரைத்தான் மேசை நடுவுல, கண்ணுக்கு நேரா வைக்கிற. அச்சு நம்ம ஊருல. என் பழைய பிரஸ் முதலாளி மவன்கிட்ட பேசிட்டேன், 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு, மேட் லேமினேஷன். ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் ஆல்பம் போட்டுட்டாகன்னா அதுக்கப்புறம் மார்கழி வரைக்கும் மிஷின் கெடைக்காது, அதனால ஆனிக்குள்ள ஃபைலை அனுப்பிரு. எனக்குக் கமிஷன் உண்டு, மறைக்கல. பாதிப் பணம் மொதல்லயே போடணும். தாத்தாவுக்குக் கடன் சொல்லுவியோ? டவர் இல்ல, ஸ்கிரீன்ஷாட் அனுப்புறேன்னு மட்டும் சொல்லிறாத. என் போன்ல மெசேஜ் வந்தாத்தான் தாளு வெட்டுவேன்.