காவலுக்கே காவல்

அரசிடம் இருந்தால் வேலை இழுக்கும், தனியாரிடம் விட்டால் கச்சிதமாக முடியும் என்பது பிரிட்டனில் பிரதமர் தாட்சர் காலத்திலிருந்தே ஓதப்படும் வேதம். அதன்படி 2012 லண்டன் ஒலிம்பிக்ஸின் காவல் பணி ஜி4எஸ் என்ற தனியார் நிறுவனத்துக்குப் போனது. தர வேண்டிய காவலாளிகள் 10,400 பேர்.

தொடக்க விழாவுக்கு இரண்டு வாரமே இருக்கையில் நிறுவனம் கையை விரித்தது. ஆள் போதவில்லையாம்!

உடனே 3,500 ராணுவ வீரர்களுக்கு அழைப்பு போனது. ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பி விடுப்புக்குக் காத்திருந்தவர்களும் அதில் உண்டு. கண்ணிவெடி தேடிய கைகள், பார்வையாளர்களின் கைப்பைகளைத் துழாவின. அதுவும் போதாமல் பிறகு இன்னும் 1,200 பேர்.

நாடாளுமன்றக் குழு முன் நின்ற ஜி4எஸ் தலைமை அதிகாரி நிக் பக்கிள்ஸ், இது அவமானகரமான குளறுபடிதான் என்று ஒப்புக்கொண்டார். ஆனாலும் 5.7 கோடி பவுண்டு மேலாண்மைக் கட்டணம் வேண்டும் என்றார். மானம் வேறு, வரவு வேறு.

மறுவருடம் அடுத்த கூத்து. குற்றவாளிகளின் காலில் மின்னணுப் பட்டை கட்டிக் கண்காணிக்கும் ஒப்பந்தத்தில், செத்துப்போனவர்களுக்கும் இதே நிறுவனம் அரசிடம் கட்டணம் வாங்கியது அம்பலமானது. ஆவிகளையும் விடாத கண்காணிப்பு! போட்டி நிறுவனமான செர்கோவும் இதே விவகாரத்தில் சிக்கியது. 2014இல் ஜி4எஸ் அரசுக்குத் திருப்பித் தந்த தொகை சுமார் 10.9 கோடி பவுண்டு.