வீட்டைக் கட்டிப் பார், வரைந்து பார்!

கேள்வி: நார்டிக் நாட்டு ஓவியக் கண்காட்சி என்றாலே வீடு, ஜன்னல், நாற்காலிதானா? வரைய வேறு எதுவும் கிடைக்கவில்லையா?

பதில்: டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் பிற்பகல் மூன்று மணிக்குள் சூரியன் கடையைக் கட்டிவிடுகிறது. அப்புறம் வீடுதானே உலகம்!

சுவீடனின் கார்ல் லார்சன், சுண்ட்பார்ன் கிராமத்தில் மாமனார் கொடுத்த மரவீட்டைப் பிள்ளைகுட்டிகளோடு வாட்டர்கலரில் வரைந்து தள்ளினார். 1899-இல் 'ஒரு வீடு' என்று புத்தகமே போட்டார். படத்தில் பளிச்சென்று தெரியும் நெசவுத் துணிகள் மனைவி கரீனின் கைவண்ணம். பெயர் மட்டும் கணவருக்கு!

டென்மார்க்கின் ஹாமர்ஷோய் இதற்கு நேரெதிர். கோபன்ஹேகனில் 1898 முதல் 1909 வரை குடியிருந்த வீட்டின் காலி அறைகளையும் திறந்த கதவுகளையும் சாம்பல் நிறத்தில் தீட்டினார். மனைவி ஈடா பெரும்பாலும் முதுகைக் காட்டித்தான் நிற்பார். வீட்டில் சண்டையோ என்று நினைக்காதீர்கள். அந்தப் பின்கழுத்தில் விழும் வெளிச்சம்தான் படமே.

ஒரு வீட்டில் கலகலப்பு, இன்னொன்றில் மௌனம். இரண்டுமே 'நம்ம வீடு'தான்.

நாம் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறோம்; அவர்கள் வீட்டையே பெயின்டிங் ஆக்கிவிட்டார்கள்!