பின்கண்ணாடிப் பட்டையும் நாலு சக்கர பிரேக்கும்

ஏ பேராண்டி, கார்வெட் காரு படத்தைக் கையில வச்சிக்கிட்டு 63 ஒசத்தியா 67 ஒசத்தியான்னு ராத்திரி முச்சூடும் கூட்டாளிகளோட மல்லுக்கட்டுதியாமே? கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு. வா, இப்படித் திண்ணையில உக்காரு. ஓட்டிப் பாக்காத காருக்கு நீ இம்புட்டு வக்காலத்து வாங்கினா, செஞ்சவன் என்ன பாடு பட்டிருப்பான்னு சொல்லுதேன், கேளு.

அமெரிக்காவுல செவ்ரோலே கம்பெனிக்காரன் 1963-லருந்து 1967 வரைக்கும் இந்த ‘ஸ்டிங் ரே’ காரை வித்தான். செயின்ட் லூயிஸ் ஊர்ல ஃபேக்டரி. மேல ஃபைபர் கிளாஸ் கூடு, உள்ள இரும்புச் சட்டம். அஞ்சு வருசமும் அடிப்படையில ஒரே காருதான். ஆனா வருசா வருசம் என்னத்தையாவது மாத்திருவான். நீ அதையெல்லாம் மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கிற. சரி, மாத்தினது என்னன்னு என்னைக்காவது யோசிச்சியாலே? பாதிக்குப் பாதி, போன வருசம் தானே ஒட்டுனதை இந்த வருசம் தானே பிச்சு எடுத்திருக்கான்!

63-ல என்ன பண்ணினான்? கூரை வச்ச காருக்குப் பின்கண்ணாடிய ரெண்டாப் பொளந்து நடுவுல ஒரு பட்டையை ஓடவிட்டான். ஓட்டுதவன் மேல இருக்க சின்னக் கண்ணாடியில பாத்தா, பின்னால வார வண்டி தெரியாது. பட்டைதான் தெரியும். நாலாயிரம் டாலருக்கு மேல குடுத்து இதை எவன் கேட்டான்? கேட்டவன் பில் மிட்செல். கம்பெனியில டிசைன் பூராவுக்கும் அவருதான் பெரியவரு. மூக்குலருந்து வாலு வரைக்கும் முதுகெலும்பு மாதிரி ஒரு கோடு ஓடணும், அது கண்ணாடியில அறுபடக் கூடாதுன்னு ஒத்தக் கால்ல நின்னாரு. இஞ்சினியரு ஜோரா ஆர்கஸ் டன்டோவ் வேண்டாம்னாரு. ஓட்டுதவனுக்குப் பின்னால தெரியணும்லான்னு கேட்டாரு. ஞாயமான கேள்விதான? ஆனா ஞாயம் எந்த ஆபீஸ்ல முதல்ல செயிச்சிருக்கு? மிட்செல் சொன்னதுதான் நடந்துச்சு.

அந்த மிட்செலப் பத்தி ஒரு கதை சொல்லுவாவ. அவருக்குச் சுறா மீனு மேல ஒரு கிறுக்கு. பிடிச்ச மாக்கோ சுறா ஒண்ணைப் பாடம் பண்ணிச் சுவத்துல மாட்டி வச்சிருந்தாராம். 1961-ல கண்காட்சிக்குன்னு ஒரு காரு செஞ்சப்போ, அந்த மீனு நிறமே காருக்கும் வரணும்னாராம். பெயின்ட் அடிக்கிறவன் எத்தனை தடவ அடிச்சாலும், “மீனு இப்படியா இருக்கு?”ன்னு திருப்பி அனுப்பினாராம். பயலுக பாத்தானுவ. ராத்திரியோட ராத்திரியா மீனை எறக்கி, காரு நிறத்துல மீனுக்குப் பெயின்ட் அடிச்சு மாட்டிட்டானுவ. மறுநா அவரு வந்து பாத்து, “இப்பச் சரியா இருக்கு”ன்னாராம். கதை நிசமோ பொய்யோ, வேலை செய்யுத பயலுக மூளைய நான் மெச்சுதேன்.

64 வந்துச்சு. டன்டோவ் கேட்டது கிடைச்சுது. பட்டை போயி ஒரே கண்ணாடி வந்துட்டு. இங்கதாம்லே கூத்து. 63 காரு வச்சிருந்தவன் சில பேரு, நம்ம காரு பழசாத் தெரியுதேன்னு பட்டைய ரம்பம் போட்டு அறுத்தான். 64 கண்ணாடிய வாங்கி மாட்டிக்கிட்டான். 63-ல கூரை வச்ச காரு மொத்தமே 10,594 தான். இன்னைக்கு அந்தப் பட்டை இருந்தாத்தான் மவுசு. அறுத்தவன முட்டாப் பயன்னு நீ சிரிக்க. எதுக்குலே சிரிக்க? அன்னைக்கு அவனுக்குப் பின்னால லாரி வாரது தெரிஞ்சுது. புத்தியோட செஞ்சான். அவன் அதுக்கப்புறம் ஒண்ணுமே செய்யல, சும்மாதான் இருந்தான். ஊரு சேந்து அவன முட்டாளாக்கிட்டு.

63-ல பானட்டு மேல ரெண்டு காத்துச் சல்லடை இருந்துச்சு. காத்துப் போகும்னா நினைக்க? போகாது. வெறும் அலங்காரம். 64-ல அதைக் கழட்டினான். ஆனா அது உக்காந்திருந்த பள்ளத்தை நெரவாம விட்டுட்டான். காது வளையம் வித்த பெறகும் ஓட்டை நிக்குமே, அந்தக் கதை. 65-லதான் பானட்டு சமமாச்சு. பின் தூண்ல இருந்த காத்து வழிகூட 63-ல ரெண்டு பக்கமும் பொம்மைதான். 64-ல ஓட்டுதவன் பக்கம் மட்டும் உள்ள ஒரு காத்தாடி வச்சு நெசமாக்கினான். இந்தப் பக்கம் நெசம், அந்தப் பக்கம் வேசம்! 66-ல ரெண்டையும் எடுத்தே போட்டான். இதையெல்லாம் ‘பரிணாம வளர்ச்சி’ன்னு நீ வெளக்குத பாரு, அங்கதான் எனக்குச் சிரிப்பு அடங்க மாட்டேங்கு.

உருப்படியா ஒண்ணு நடந்தது 65-ல. அதுக்கு முந்தி நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். வேகமா ஓடுத காரை மூணு தடவ அழுத்தி நிறுத்தினா டிரம் சூடேறும், பிடி கொறையும். 65-ல நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் வந்துட்டு. இந்த அஞ்சு வருசத்துல ஒருத்தன் உசுரக் காப்பாத்துத மாத்தம்னா இதுதாம்லே. இதைப் பத்தி நீ ஒரு தடவையாவது சண்ட போட்டிருக்கியா? மாட்ட. பிரேக்கு சக்கரத்துக்குப் பின்னால ஒளிஞ்சிக்கிட்டுல்லா இருக்கு! இன்னொண்ணு கேளு. டிஸ்க் வேண்டாம், பழைய டிரம்மே போதும்னா 64 டாலர் 50 சென்ட் தள்ளுபடின்னான். அதுக்கும் 316 பேரு கைய நீட்டினான். ஊருக்கு ஊரு இப்படிப்பட்டவன் இருக்கத்தான் செய்வான்.

அதே வருசம் இஞ்சின்லயும் ஒரு கணக்கு நடந்துச்சு. பெட்ரோலைப் பீச்சி அடிக்கிற ஃப்யூவல் இஞ்செக்ஷன் இஞ்சின் ஒண்ணு, 375 குதிரைச் சக்தி. அதுக்குக் கூடுதல் 538 டாலர். 396 கன அங்குலத்துல புதுசா வந்த பெரிய இஞ்சின் 425 குதிரைச் சக்தி. அதுக்குக் கூடுதல் 292 டாலர் 70 சென்ட். சந்தைக்குப் போற கெழவிகூடக் கணக்குப் போட்டுருவா. ஃப்யூவல் இஞ்செக்ஷனை அந்த வருசத்தோட மூட்டை கட்டிட்டான். ரொம்ப காலத்துக்கு கார்வெட் பக்கம் அது தலைகாட்டவே இல்ல.

66-ல சொல்ல ஒண்ணும் பெருசா இல்ல. முன்பக்கச் சல்லடை கட்டம் கட்டமா மாறிச்சு. 396 போயி 427 வந்துச்சு. அதுக்குப் போயி நீ ராத்திரி ஒரு மணி வரைக்கும் முழிச்சிருக்க.

67 தான் எனக்குப் பிடிச்ச வருசம். ஏன்னு கேளு. அந்த வருசம் இந்தக் காரு இருக்கவே கூடாது. புது உருவம் வந்திருக்கணும். அது தயாராகல. சரி, பழசையே இன்னொரு வருசம் ஓட்டுவோம்னான். வேற வழியில்லாம ஓட்டினதால ஆட்டம் காட்ட நேரமில்ல. வேண்டாத நகையக் கழட்டினான், கைப் பிரேக்கை ரெண்டு சீட்டுக்கும் நடுவுல கொண்டாந்து வச்சான். சக்கரத்துல துருத்திக்கிட்டிருந்த காது வச்ச திருகுமூடிய அரசாங்கப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பயந்து எடுத்தான். இருக்கதுலயே அழகு அதுதான்னு இன்னைக்குப் பல பேரு சொல்லுதான். 68-ல புதுசு வந்துச்சே, எப்படி வந்துச்சு தெரியுமா? ‘கார் அண்ட் டிரைவர்’ பத்திரிகைக்காரன், செஞ்ச லட்சணத்தைப் பாத்துட்டு, ஓட்டிப் பாத்து எழுதவே லாயக்கில்லன்னு திருப்பி அனுப்பிட்டான்!

67-ல எல்88-னு ஒரு இஞ்சின். காகிதத்துல 430 குதிரைச் சக்தி. மூணு கார்புரேட்டர் வச்ச இன்னொரு 427-க்கு 435-னு எழுதியிருந்தான். வாங்க வந்தவன் என்ன நினைப்பான்? கூடக் காசு குடுத்துக் கொறஞ்சதை எதுக்கு வாங்கணும்னு போயிருவான். அதுதாம்லே வேணும் கம்பெனிக்கு! நெசத்துல எல்88-ஓட சக்தி 500-க்கு மேல. அது பந்தயத்துக்குச் செஞ்சது. கடைக்குப் போயிட்டு வார ஆளு கையில சிக்கிரக் கூடாதுன்னுதான் கொறச்சு எழுதினான். ரேடியோ கெடையாது, ஹீட்டர் கெடையாது. 103 ஆக்டேன் பெட்ரோல் ஊத்தணும். கூடுதல் விலை 947 டாலர் 90 சென்ட். அந்த வருசம் மொத்தம் 20 பேருதான் வாங்கினான். 2014-ல ஸ்காட்ஸ்டேல் ஊரு ஏலத்துல அப்படி ஒரு செவப்புக் காரு 38.5 லட்சம் டாலருக்குப் போச்சு. குளிருல நடுங்கிக்கிட்டு ஓட்டுத காருக்குலே!

இப்போ அங்க ஒரு சங்கம் இருக்கு. 1974-ல ஆரம்பிச்சது. கார்வெட்டைப் பழைய நிலைமைக்குக் கொண்டுவாரவங்க சங்கம். மார்க்கு போட ஆளு வருவாவ, கையில அட்டையும் டார்ச்சும். ஃபேக்டரியில வேலையாள் சாக்கட்டியால கிறுக்கின அடையாளம் இருக்கணும். பெயின்ட்டு ஃபேக்டரியில அடிச்சதைவிட நல்லா இருந்தா மார்க்கு கொறையும்! நல்லா இருந்தாக் கொறைக்கான், கேட்டியா? அவசரத்துல ஒரு தொழிலாளி மோசமா அடிச்ச பெயின்ட்டை, இன்னைக்கு ஒருத்தன் மாசக்கணக்கா உக்காந்து கவனமா மோசமா அடிக்கான். இஞ்சின்ல குத்தின நம்பரும் காரு நம்பரும் ஒத்துப்போனா விலை ஏறும். உடனே என்ன நடந்திருக்கும்? பழைய நம்பரை ராவிட்டுப் புது நம்பர் குத்துத ஆளுக கெளம்பிட்டான்.

ஆசப்பட்டுட்ட. என்னைக்காவது அந்த ஊருக்குப் போயி வாங்கித்தான் தீருவேங்க. வாங்கு, யாரு வேண்டாங்கா? ஃபைபர் உடம்பு துருப்பிடிக்காதுன்னு விக்கிறவன் சொல்லுவான். பொய்யில்ல. ஆனா உள்ள இருக்க இரும்புக் கூடு துருப்பிடிக்கும். முன்கண்ணாடித் தூணு அடியில, காலு வைக்கிற எடத்துல பக்கத் தகட்டைக் கழட்டி டார்ச் அடிச்சுப் பாரு. அப்புறம் அந்த டிஸ்க் பிரேக். ஓட்டாம மூடி வச்சா பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும், டிஸ்கைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பருக்குள்ள துரு ஏறும், ஆயில் கசியும். வெவரமானவன் உள்ள துருப்பிடிக்காத எஃகுக் குழாய் எறக்கியிருப்பான். அதைச் செஞ்சிருக்கானான்னு கேளு.

விக்கிறவன் உன்னைச் சுத்திச் சுத்திக் கூட்டிக்கிட்டுப் போயி சாக்கட்டிக் கோடு காட்டுவான், நம்பரு காட்டுவான், சான்றிதழ் காட்டுவான். தலைய ஆட்டு. மரியாதையாக் கேட்டுக்க. அவன் பேசிக்கிட்டு இருக்கையிலயே சீட்டுல ஏறி உக்காந்து பிரேக்கை ஒரு மிதி மிதி. பெடல் தரையத் தொட்டுச்சுன்னா, அவன் குடுக்குத காப்பியக் குடிச்சிட்டு, காரு ரொம்ப அழகுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு, அடுத்த பஸ்ஸுல ஏறி ஊரு வந்து சேரு.